'நான் கெட்டவளா அக்கா?' - பென்னாகரத்திலிருந்து வந்த ஒரு கடிதம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டு, அடுத்ததைப் பிரிக்க மனசு வரவில்லை. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தோழி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கி, அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்.

"அக்கா, எனக்கு 43 வயசு. வீட்டுக்காரர் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவார். பொண்ணு தருமபுரியில காலேஜ் படிக்கிறா. பையன் பிளஸ் ஒன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அத்தை, அதாவது மாமியார், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் பண்ணியும் எழுந்து நடக்கலை. இப்போ ஒரு வருஷமா ஞாபகமும் தப்பிப்போச்சு. 'நீ யாரு, எங்க வீட்ல என்ன பண்றே'ன்னு என்னையே கேக்குறாங்க. சாப்பிட்டுக் கை கழுவின அஞ்சாவது நிமிஷம், 'இவ எனக்குச் சோறே போடலை'ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறாங்க. ராத்திரியில நாலஞ்சு தடவை எழுப்பறாங்க. நான் முழுசா தூங்கி ஒரு வருஷம் ஆச்சு.

"ரெண்டு நாத்தனார். ஒருத்தர் ஓசூர், ஒருத்தர் பாலக்கோடு. ஆடிக்கும் பொங்கலுக்கும் ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வருவாங்க. 'அம்மா ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாங்க, முதுகுல புண்ணு வந்திருக்கே, பார்க்குறதே இல்லையா'ன்னு கேட்டுட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிடுவாங்க.

"போன மாசம் ஒரு ராத்திரி மூணாவது தடவையா துணி மாத்தினேன். மாத்தி முடிச்சு நிமிர்றதுக்குள்ள மறுபடியும் நனைச்சுட்டாங்க. கையைப் புடிச்சு வேகமா இழுத்துட்டேன் அக்கா. அடிக்கலை. ஆனா காலையில பார்த்தா மணிக்கட்டுக்கு மேல நீலமா என் விரல் தடம். 'இது எப்படி வந்துச்சு'ன்னு அவங்க என்னையே கேட்டாங்க. 'தெரியலை அத்தே'ன்னு சொன்னேன். அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கலை. இன்னொண்ணையும் சொல்லிடறேன். 'இந்த உசுரு சீக்கிரம் போயிட்டா தேவலை'ன்னு தினமும் நினைக்கிறேன். நான் கல்யாணமாகி வந்த புதுசுல களி கிண்டக்கூடத் தெரியாது. கத்துக்கொடுத்தது அவங்கதான். என் ரெண்டு பிரசவத்துக்கும் பக்கத்துல இருந்தது அவங்கதான். நான் கெட்டவளா அக்கா?"

தங்கச்சி, இல்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு நான் ஒன்றும் செய்ததாகாது. நீங்கள் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, நினைப்பு. இன்னொன்று, கையில் பதிந்த தடம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அந்த நினைப்பு

'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்ற நினைப்பு, படுத்த படுக்கையாக இருப்பவரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பலருக்கும் வருகிறது. பெற்ற மகளுக்கும் வரும், கட்டிய மனைவிக்கும் வரும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த நினைப்பை உள்ளே போய்ப் பார்த்தால், 'இவர் சாகட்டும்' என்பதைவிட, 'அவர் படும் பாடும் நான் படும் பாடும் முடியட்டும்' என்பதுதான் பெரும்பாலும் இருக்கும். நினைப்பு வந்ததற்காக உங்களைத் தண்டித்துக்கொள்ள வேண்டாம். உடம்பும் மனசும் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டன என்பதற்கான அறிகுறியாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்கிறோம் இல்லையா, அதுபோல.

இந்தக் களைப்புக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. 'பர்ன் அவுட்' என்கிறார்கள். 1974-ல் நியூயார்க்கில் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்த மனநல நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். அடுத்தவருக்காக ஓடி ஓடி உழைத்தவர்கள்தான் ஒரு கட்டத்தில் எரிச்சலும் வெறுமையுமாக மாறிப்போனதை அவர் தன்னிடமும் சக ஊழியர்களிடமும் பார்த்தார். அவர்களுக்காவது வேலை முடிந்து வீட்டுக்குப் போக ஒரு நேரம் இருந்தது. உங்களுக்கு வீடுதான் வேலை.

வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர்களின் சுமையை அளக்கவே 1980-ல் ஸ்டீவன் ஸாரிட் என்பவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். 22 கேள்விகள் கொண்ட அதன் வடிவம் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. உங்களுக்கென்று நேரமே இல்லாமல் போய்விட்டதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, உங்கள் உடம்பு கெட்டுவிட்டதா என்கிற மாதிரியான கேள்விகள்தான். இப்படி அச்சடித்துக் கேட்கிறார்கள் என்றால், எத்தனை பேருக்கு இது நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தடம்

இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. தடம் பதிகிற அளவுக்கு இழுத்தது தவறு. அது உங்களுக்கே தெரிந்ததால்தான் எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்துப் பேசவோ வெளியே போய்ச் சொல்லவோ முடியாதவர் அவர். இன்று இழுத்த கை, இதே களைப்பில் இன்னும் ஆறு மாதம் போனால் அடிக்கவும் செய்யலாம். அதனால், 'இனிமேல் பொறுமையாக இருப்பேன்' என்று சத்தியம் செய்வதைவிட, அடுத்த முறை அந்தக் கோபம் ஏறும்போது என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோபம் கைக்கு வருவது தெரிந்தவுடனே கையை எடுத்துவிடுங்கள். அவர் கட்டிலிலிருந்து விழாதபடி இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். வாசலுக்குப் போய்விடுங்கள். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிஷம் ஈரத்துணியில் இருப்பதால் அத்தைக்கு எதுவும் ஆகிவிடாது. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு உங்கள் கை பழைய கையாக இருக்கும்.

இரண்டாவது, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். போனில் வேண்டாம், அடுத்த முறை வரும்போது நேரில். "உங்கம்மா கையில தடம் வர்ற மாதிரி இழுத்துட்டேன். எனக்கு முடியலை" என்று இரண்டே வாக்கியம். நீங்கள் எந்த நிலைமையில் இருக்கிறீர்கள் என்பது அவருக்கு அப்போதுதான் புரியும்.

அத்தை ஏன் அப்படிச் செய்கிறார்?

சாப்பிட்டதை மறப்பது, உங்களை யாரென்று கேட்பது, சாயங்காலம் ஆனால் கத்துவது எல்லாம் டிமென்ஷியா என்கிற மறதி நோயில் வருபவை. சமீபத்தில் நடந்த தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் இது இருக்கிறது. அவருக்கு நேற்று சாப்பிட்டது மட்டுமல்ல, இப்போது சாப்பிட்டதே மூளையில் பதிவதில்லை. "இப்பதானே போட்டேன்!" என்று நிரூபிக்கப் போனால் சண்டைதான் வரும். "அடுப்புல இருக்கு அத்தே, இதோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, கையில் நாலு பொரியோ ஒரு வாழைப்பழத் துண்டோ கொடுங்கள். அது பொய் சொன்னதாகாது.

ஆனால் 'வயசாயிடுச்சு, அதான்' என்று விட்டுவிடவும் கூடாது. மறதிக்குச் சில காரணங்கள் சரிசெய்யக்கூடியவை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மன அழுத்தம், சில மாத்திரைகள், விழுந்தபோது தலையில் அடிபட்டு மெதுவாகக் கசிந்த ரத்தம் இவற்றாலும் மறதி வரலாம். அத்தையை ஒருமுறையாவது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். விழுந்த விவரத்தையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மறக்காமல் கொண்டு போங்கள்.

இன்னொன்று. ஒன்றிரண்டு நாளுக்குள் திடீரென்று குழப்பம் அதிகமானால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். துணி நனையாமல் இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. அதனால்தான் சிறுநீர்க் கிருமியும் மலச்சிக்கலும் வருகின்றன. பகலில் நிறையக் கொடுங்கள், பொழுது சாய்ந்தபிறகு குறையுங்கள்.

உடம்புப் பாடு குறைய

கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்திருந்தால் முதலில் மாற்றுங்கள். நடுவில் தொய்ந்துபோகும் கட்டிலில் அவரைத் திருப்பவும் முடியாது, புண்ணும் சீக்கிரம் வரும். பலகைக் கட்டில், அதன்மேல் மெத்தை. கட்டில் தாழ்வாக இருந்தால், நீங்கள் துணி மாற்றும்போதெல்லாம் குனிந்து குனிந்து உங்கள் இடுப்பு போய்விடும். கால்களுக்குக் கீழே செங்கல்லோ மரக்கட்டையோ நகராதபடி வைத்து உயர்த்துங்கள். உயர்த்தினால், அவர் உருண்டு விழாதபடி ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தடுப்பு கட்டாயம் வேண்டும்.

தூக்கும்போது கையையோ அக்குளையோ பிடித்து இழுக்காதீர்கள். அவருக்கு அடியில் ஒரு கெட்டியான போர்வையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை விரித்து வையுங்கள். பையன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் பிடித்து நகர்த்தினால் இருவருக்கும் வலி இல்லை.

உங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு விஷயமும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அது 2013-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் அம்பது, அறுபது வருஷம் கிணற்று நீரையும் போர் தண்ணீரையும் குடித்து வளர்ந்த தலைமுறை உங்கள் அத்தையுடையது. அந்தத் தண்ணீரால் முதுகெலும்பும் மூட்டும் இறுகிப்போனவர்கள் அங்கே நிறையப் பேர். 'கையை மடக்குன்னா மடக்க மாட்டேங்கிறாங்க, வீம்பு' என்று தோன்றினால், அது வீம்பாக இல்லாமல் வலியாகவும் இருக்கலாம். இறுகிய மூட்டை வேகமாக மடக்கவோ திருப்பவோ கூடாது. மருத்துவரிடம் இதையும் சொல்லி, வலிக்கு மருந்து கேளுங்கள். வலி குறைந்தால் ராத்திரிக் கூப்பாடும் குறைய வாய்ப்பு உண்டு.

முதுகுப் புண்ணுக்கு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்பார்கள். காற்று மெத்தை வாங்கினால் இது சற்று எளிதாகும், ஆனாலும் திருப்பாமல் விட முடியாது. சிவந்தோ கறுத்தோ சூடாகவோ தெரியும் இடத்தைத் தேய்க்காதீர்கள். மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். தோல் உரிந்திருந்தால் செவிலியர் பார்த்துக் கட்டுப் போட வேண்டும். நீங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் புண் வரும். நாத்தனார் கேட்டதை நெஞ்சில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ராத்திரித் தூக்கத்துக்கு: படுக்கப் போகும் முன் ஒருமுறை கழிப்பறை நாற்காலியில் உட்கார வையுங்கள், மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். இரவு மட்டுமாவது பெரியவர்களுக்கான டயாப்பர் போடுங்கள். செலவுதான். ஆனால் உங்கள் நாலு மணி நேரத் தூக்கத்தின் விலை அதைவிட அதிகம். பகலில் அவரை ஜன்னல் பக்கமோ திண்ணையிலோ வெளிச்சத்தில் உட்கார வைத்தால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் ஒழுங்காகும். தூக்க மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அது குழப்பத்தைக் கூட்டிவிடும்.

நாத்தனார்களிடம் எப்படிப் பேசுவது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை யாருக்கு என்று அது சொல்கிறது. மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை! இரண்டு வருஷமாக ராத்திரி பகலாக நீங்கள் செய்துகொண்டிருப்பது, சட்டப்படி உங்கள் வீட்டுக்காரரும் உங்கள் நாத்தனார்களும் செய்ய வேண்டியது. கேஸ் போடச் சொல்லவில்லை. ஆனால், 'நான் உதவி கேட்கிறேன்' என்று கூனிக்குறுகி நிற்க வேண்டாம். அவர்கள் அம்மாவை அவர்களும் பார்த்துக்கொள்ளும்படி கேட்கிறீர்கள்.

அதை நீங்கள் கேட்கக் கூடாது, வீட்டுக்காரர் கேட்க வேண்டும். அவருடைய அக்கா, தங்கச்சி. மருமகள் கேட்டால் 'வேலை செய்ய வலிக்குது' என்பார்கள். அவர் ஊருக்கு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொல்லுங்கள். பொதுவாக "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்:

'இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ஒருத்தர் வந்து ஏழு நாள் இங்கே தங்கணும். முடியாதவங்க, அந்த ஏழு நாளைக்கு உதவிக்கு ஆள் வைக்கிற கூலியைக் கொடுக்கணும். டயாப்பர் செலவை மூணாப் பிரிச்சுக்கலாம்.'

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு எழுப்பினார், எத்தனை தடவை துணி மாற்றினீர்கள், மருந்துக்கு என்ன செலவு. வேறெதுவும் எழுத வேண்டாம். அந்த நோட்டை நடுவில் வைத்தால் போதும். வந்து தங்குகிறவர்களிடம் குறை கண்டுபிடிக்காமல் விட்டுவிடுங்கள். அவர்கள் சரியாகச் சாப்பாடு ஊட்டாவிட்டாலும், ஏழு நாள் தானே. ஒரே ஒரு ராத்திரி அம்மாவோடு படுத்தால், அடுத்த பொங்கலுக்கு வரும்போது அவர்கள் பேச்சு மாறியிருக்கும்.

வீட்டுக்காரர் வரும் அந்த இரண்டு நாளும் ராத்திரி முறை அவருடையது. 'பாவம், வேலை செஞ்சு களைச்சு வர்றார்' என்பீர்கள். களைத்துத்தான் வருகிறார். நீங்களும்தான். பையனும் பொண்ணும்கூட ஒரு வேளை பாட்டிக்கு ஊட்டலாம். பாட்டியைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாக, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து ஊட்ட வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுங்கள். ஊட்டி அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

வெளியிலிருந்து கிடைக்கும் கை

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதோடு அது முடிவதில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, நோய் ஆதரவுச் சிகிச்சை தருவதும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம், "படுத்த படுக்கையா இருக்காங்க, முதுகுல புண் இருக்கு, பதிவு பண்ணுங்க" என்று கேளுங்கள். அவர்கள் வரும்போது உங்களுக்கும் பிரஷர், சுகர் பார்த்துக்கொள்ளுங்கள். 43 வயதில் ஒரு வருஷம் தூங்காத உடம்பு உங்களுடையது.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567. மனசு தாங்காத நேரத்தில் பேச, டெலி மானஸ் எண் 14416. இது 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 'எனக்குப் பைத்தியமா, எதுக்குப் போன்' என்று நினைக்க வேண்டாம். அந்த ராத்திரி மாதிரி இன்னொரு ராத்திரி வந்தால், வாசலில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் கூப்பிடலாம். செத்துப்போகலாம் என்றோ, அவரை ஏதாவது செய்துவிடலாம் என்றோ நினைப்பு வந்தால், பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டாரையும் எழுப்புங்கள்.

ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பான். அந்த நாட்டிலும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது மருமகளின் தலையில்தான் இருந்தது. அந்த நிலைமைக்கு அவர்கள் வைத்த பெயரே 'பராமரிப்பு நரகம்' என்பதுதான். கடைசியில் 2000-ம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தார்கள். பெரியவரைப் பகலில் ஒரு மையத்தில் விட்டுவரலாம், சில நாள் தங்கவும் வைக்கலாம். வீட்டில் இருப்பவருக்கு ஓய்வு வேண்டும் என்று அங்கே அரசாங்கமே ஒப்புக்கொண்டது. இங்கே பென்னாகரத்தில் அப்படி ஒரு இடம் வரும்வரை, அந்த ஓய்வை நம் குடும்பத்துக்குள்ளேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

தங்கச்சி, இதில் எல்லாவற்றையும் நாளைக்கே செய்ய முடியாது. இந்த வாரம் மூன்றே மூன்று. சுகாதார நிலையத்தில் பதிவு. ராத்திரிக்கு ஒரு டயாப்பர். வாரச்சந்தை நாளில், பக்கத்து வீட்டு அக்காவை ஒன்றரை மணி நேரம் அத்தை பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் சந்தைக்குப் போய் வாருங்கள். காய் வாங்குவதற்காக மட்டுமல்ல. ஒரு டீ குடித்துவிட்டு, தெரிந்தவர்கள் நாலு பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தடத்தைப் பற்றி அத்தை மறுபடி கேட்கமாட்டார். அவருக்கு மறந்திருக்கும். உங்களுக்குத்தான் மறக்கவில்லை. ஒரு நாள் அவர் தெளிவாக இருக்கும்போது, அந்தக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே, "அன்னைக்கு நான்தான் அத்தே இழுத்தேன், மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். அவருக்குப் புரியுமோ புரியாதோ, உங்கள் நெஞ்சு லேசாகும்.

நாத்தனார்கள் வந்து என்ன சொன்னார்கள் என்று அடுத்த மாதம் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.